பதநீர் அளக்கும் கண்ணாடிக் கருவிகளைப் பேணும் முறை

வெம்பக்கோட்டை வட்டத்தில் தாயில்பட்டி முதலிய கிராமங்களில் பனை வைத்திருக்கும் குடியானவர்கள், பதநீரின் இனிப்பை நாவினாலும், கருப்பட்டியின் பதத்தைச் சிரட்டைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகு விட்டும் அறிவது வழக்கம். இம்முறை குறைவுடையதன்று. எனினும் பதநீரை விலைக்கு வாங்குவோரும் விற்போரும் ஒரே அளவை ஒப்புக்கொள்ள வேண்டுமாயின், நாவு சாட்சியாகாது, கருவி வேண்டும். அக்கருவிகள் இரண்டு. ஒன்று, பால் சங்கத்தார் பாலில் மிதக்கவிடும் லாக்டோமீட்டரின் இனத்தைச் சேர்ந்த பிரிக்ஸ் ஹைட்ராமீட்டர். மற்றொன்று, கொதிக்கும் பாகின் உஷ்ணத்தைக் காட்டும் தெர்மாமீட்டர். இரண்டும் மெல்லிய கண்ணாடியாலானவை.

பிரிக்ஸ் ஒரு டிகிரி என்பது நூறு பங்கு எடையுள்ள திரவத்தில் ஒரு பங்கு சர்க்கரை என்பதாகும். ஆகவே நூறு கிலோ பதநீரில் கருவி ஒரு டிகிரி பிழையாகக் காட்டினால், ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி கணக்கில் தவறுகிறது. நாளொன்றுக்கு இவ்வளவெனின், தை மாசியில் தொடங்கி ஆனி வரை நடக்கும் பருவத்தில் நஷ்டம் எத்துணை என்பதை அவரவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். இத்தகைய பிழை பெரும்பாலும் கருவியின் குற்றமன்று. அதன்மேல் படிந்த அழுக்கின் குற்றமே.

இது நேரும் விதத்தைச் சற்று விளக்க வேண்டும். பதநீர் புளித்துக் கள்ளாகாதிருக்கும்பொருட்டுக் கலயத்தினுள் சுண்ணாம்பு பூசுகிறோம். அச்சுண்ணாம்பு கருவியின் குமிழில் வெண்மையாகப் படிகிறது. மேல்தண்டில் பாகு காய்ந்து ஒட்டிக்கொள்கிறது. பாரம் கூடிய கருவி திரவத்தில் அதிகமாக அமிழும். அமிழ்ந்தால் டிகிரி குறைவாகக் காட்டும். விற்கிறவன் நல்ல பதநீர் கொடுத்தும் குறைந்த விலை பெறுகிறான். காய்ச்சுகிறவனோ பாகு இன்னும் இளகலென்று எண்ணி, விறகைச் செலவிட்டுக் கருப்பட்டியைத் தீயவிடுகிறான்.

கனடா தேசத்திலும் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாகாணத்திலும் மேப்பிள் மரத்தின் நீரை இவ்வாறே காய்ச்சிப் பாகு செய்கின்றனர். அம்மரநீரில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டளவே உண்டு. ஆகையால் ஒரு லிட்டர் பாகுக்குச் சுமார் 40 லிட்டர் நீர் வேண்டும். அவர்கள் கையாளுவதும் இதே கண்ணாடிக் கருவிதான். அந்நீரிலேயே உள்ள சுண்ணச்சத்து கொதிக்கையில் மணல்போல் பிரிந்து கருவியில் படிவதால், அவர்கள் அதைக் காடியில் ஊறவைத்துக் கழுவுகின்றனர். சுண்ணாம்பை நாமே சேர்க்கும் நமக்கு அவ்வழக்கம் இன்னும் அவசியமானது.

கழுவும் முறை வருமாறு. அளந்தவுடன், பாகு காயுமுன், கருவியை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தி மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். சூடான பாகிலிருந்து எடுத்ததைப் பச்சைத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி விரிந்துவிடும், சற்று ஆறவிடுக. சாம்பல், செங்கற்பொடி, தேங்காய் நார் ஆகியவை விடிலியிலுள்ள மற்ற பாத்திரங்களுக்குத் தகும், கண்ணாடிக்கு ஆகா. அவை கீறலுண்டாக்கும், கீறிய இடமே பிறகு உடையும். வெண்படிவு காணப்பட்டால், காடியிலோ எலுமிச்சம் பழச்சாறு கலந்த நீரிலோ கால்மணி நேரம் ஊறவைத்துப் பின் நல்ல தண்ணீரில் அலசுக. கிணற்று நீர் உப்பாயிருக்கும் ஊர்களில் கடைசி அலசலுக்கு மழைநீர் உத்தமம்.

அளக்கும்போது ஹைட்ராமீட்டரைத் தண்டின் உச்சியில் இரு விரல்களால் நிமிர்த்திப் பிடித்து, மெள்ள இறக்கி, மிதக்கத் தொடங்கிய பின்னரே விடவேண்டும். தண்டின் நுனியைப் பிடித்துப் படுக்கையாகத் தூக்கினால், குமிழின் பாரத்தால் கழுத்து முறியும். நுரையை ஒதுக்கி, திரவத்தின் சமமட்டத்தில் கண்ணை வைத்துப் பார்க்கவும். கருவி எந்த உஷ்ணத்துக்குக் குறியிடப்பட்டதென்று தண்டினுள்ளிருக்கும் காகிதத்தில் அச்சிட்டிருக்கும். 20 டிகிரிக்குக் குறித்த கருவி, 30 டிகிரி உஷ்ணமுள்ள பதநீரில் அரை டிகிரிக்குமேல் குறைத்தே காட்டும். வெயிலேறிய பின் அளப்போர் இதை மறக்கலாகாது. வெள்ளைச் சர்க்கரை கலந்ததைக் கண்டுபிடிக்கவும் இக்கருவி உதவாது. இனிப்பு எவ்வளவு என்று சொல்லுமேயன்றி, எங்கிருந்து வந்ததென்று சொல்லாது.

உட்காகிதம் நழுவியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை சோதிக்கவேண்டும். 100 கிராம் சர்க்கரையை 900 கிராம் தண்ணீரில் கரைத்தால் 10 டிகிரி காட்டவேண்டும். தெர்மாமீட்டரைக் கொதிநீரில் சோதிக்கலாம். நம் பக்கத்தில் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நூற்றுக்கு 80 பங்கு சர்க்கரையுள்ள கரைசல் 112 டிகிரியளவில் கொதிக்கும்; 90 பங்கானால் 120-ஐத் தாண்டிவிடும். கடைசி நிமிஷங்களில் இரண்டு டிகிரிப் பிழையும் பதத்தைக் கெடுக்குமென்பது இதனால் விளங்கும்.

தெர்மாமீட்டரைத் துடுப்பாக்கிக் கிளறுவோர் உண்டு. இதைக் கண்டித்தே கூறவேண்டியிருக்கிறது. ஹைட்ராமீட்டரின் அடியில் பெரும்பாலும் ஈயக் குண்டுகளும், பழைய தெர்மாமீட்டரில் பாதரசமும் உள்ளன; இரண்டும் நஞ்சு. கொப்பரையில் கருவி உடைந்தால் வடிகட்டிப் பயன்படுத்த எண்ணாது, உடனே அடுப்பை அணைத்து, பாகு முழுவதையும் ஆடுமாடு அணுகாத இடத்தில் ஆழப் புதைத்துவிடவேண்டும். கொதிக்கும் பாகில் விழுந்த பாதரசம் ஆவியாகி மூச்சில் கலக்குமாகையால், அங்கிருப்போரை வெளியேற்றிக் காற்றோட்டம் செய்வது முதற்காரியம். இனி வாங்குவோர் பாதரசமில்லாத கருவியையே கேட்டு வாங்குக. சிறு பிசகின் விலையைப் பட்டாசுத் தொழில் நடக்கும் இவ்வூராருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

வைத்திருக்க ஒரு மூங்கிற்குழாய் போதும். அடியில் இலவம் பஞ்சு திணித்து, கருவியை நன்கு உலர்த்தித் துணியில் சுற்றிக் குமிழ் கீழிருக்கச் செருகி, அடுப்பிலிருந்து விலகிய மூலையில் நிமிர்த்திக் கட்டிவைக்கலாம். பலர் சேர்ந்து பதநீர் விற்கும் கிராமங்களில், அன்றாடம் அளக்க ஒன்றும் அதை ஒத்துப்பார்க்க மற்றொன்றுமாக இரண்டு கருவிகள் வாங்கி, இரண்டாவதைக் கிராம அதிகாரியிடமோ இரு தரப்பும் நம்பும் ஒருவரிடமோ ஒப்படைத்து வைப்பது நலம். அளவில் வழக்கு நேர்ந்தால், இரண்டையும் ஒரே கலயத்துப் பதநீரில் எல்லோர் முன்னிலையிலும் மிதக்கவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.