நீலகிரிக்கு எப்போது, எந்தப் பக்கமாக? புரட்டாசி முதல் தை வரை

புரட்டாசி பிறந்துவிட்டால் நீலகிரியில் இரண்டாவது சீசன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூந்தொட்டிகளை அடுக்கத் தொடங்குவார்கள். மழைக்காலத்தில் இறக்கிய அறை வாடகையை விடுதிக்காரர்கள் மறுபடியும் ஏற்றுவார்கள். ஆயுத பூஜை, தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று விடுமுறைகள் வரிசைகட்டி நிற்கின்றன. போக நினைப்பவர்கள் தேதி குறிக்கும் முன் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். நீலகிரி முழுமைக்கும் ஒரே வானிலை கிடையாது. ‘ஊட்டியில் மழையா?’ என்று விசாரித்துவிட்டு வண்டியை எடுப்பது பாதி விசாரணைதான்.

மலைக்கு இரண்டு பக்கம், இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், தேவாலா, அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தைப் புரட்டியெடுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அதே நாட்களில் கிழக்கே கோத்தகிரியில் மழை அந்தளவு உறைக்காது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நடுவில் நின்று பெருமளவு தடுத்துவிடும். ஐப்பசி பிறந்ததும் எல்லாம் தலைகீழ். வடகிழக்குப் பருவமழை வங்காள விரிகுடாவிலிருந்து வந்து குன்னூர், கோத்தகிரி, பர்லியார் சரிவுகளில் மோதும். கூடலூர்ப் பக்கம் மெல்ல வெளுக்கத் தொடங்கும். ஆகவே மாதத்தைப் பார்த்த கையோடு பக்கத்தையும் பாருங்கள்.

முதலில் புரட்டாசி. தென்மேற்கு ஓய்ந்துவரும், வடகிழக்கு வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் தொடங்கும். இடையிலுள்ள சில வாரங்களில் மலை நன்றாகக் குளித்து முடித்ததுபோல் இருக்கும். பைக்காரா அருவியில் தண்ணீர் இருக்கும், புல்வெளி பச்சை மாறியிருக்காது. காலையில் வெயில் அடிக்கும். மதியத்துக்கு மேல் மேகம் இறங்கி ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போகும். எனவே தொட்டபெட்டா போன்ற காட்சிமுனைகளைக் காலை 11 மணிக்குள் முடித்துவிட்டு, பிற்பகலைக் கடைத்தெருவுக்கும் தேநீருக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஆயுத பூஜையை ஒட்டிய தொடர் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். மைசூரு தசராவுக்குப் போகிறவர்களில் பலர் அப்படியே ஊட்டிக்கும் ஒரு நடை வருவார்கள். ஊட்டியின் சேரிங்கிராஸ் சந்திப்பில் வண்டிகள் நகராது. மைசூரு வழியாக வருவதாக இருந்தால் பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மாலையில் கிளம்பித் தசரா விளக்குகளைப் பார்த்துவிட்டு ராத்திரியே ஊட்டி என்று போடும் திட்டம் சோதனைச்சாவடியிலேயே முடிந்துவிடும்.

எப்போது போனாலும் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு அது கட்டாயம். அடிவாரத்தில் நின்று, சிக்னல் கிடைக்காத போனில் பதிவு செய்யத் தவிக்கிற குடும்பங்கள் ஒவ்வொரு விடுமுறையிலும் உண்டு. வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. மலைப்பாதையில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு என் பரிந்துரையும் பேருந்துதான்.

அடுத்து ஐப்பசியும் கார்த்திகையும். தீபாவளி விடுமுறைக்கு ஊட்டி என்று பலர் முன்கூட்டியே அறை எடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏறும் இரண்டு சாலைகளும், அதாவது பர்லியார் வழியே குன்னூர் போவதும் நேரே கோத்தகிரி போவதும், வடகிழக்கு மழை நேராக விழும் சரிவுகளில்தான் இருக்கின்றன. மலை ரயில் தடமும் அங்கேதான். கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தால் பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறும் அந்த ரயில், பாறையும் மண்ணும் தடத்தில் சரிந்து விழுவதால் இந்த இரண்டு மாதங்களில் அடிக்கடி ரத்தாகும். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டிப் பகுதிகளில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்கணக்கில் பெய்யும் மழையில் சரிவின் ஆழமான மண் ஊறிக் கனத்துப் போகிறது. வீட்டுக்கும் சாலைக்கும் அடியை வெட்டிய இடத்தில் அதற்குப் பிடிமானம் இல்லை. தண்ணீர் வடிந்த பழைய ஓடைகளிலும் கட்டடம். அன்று பெய்த மழையின் அளவு மட்டும் மண்சரிவைத் தீர்மானிப்பதில்லை. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள் மழையும் சேர்ந்துதான்.

போயே ஆக வேண்டும் என்றால், கிளம்பும் முன் குன்னூரிலும் கோத்தகிரியிலும் முந்தைய மூன்று நாட்களில் எவ்வளவு பெய்தது என்று பாருங்கள். சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் மாவட்ட நிர்வாகம் சுற்றுலாத் தலங்களை மூடிவிடும்; அறைக்குள் உட்கார்ந்திருக்க அவ்வளவு தூரம் போக வேண்டாம். சாலையில் இருக்கும்போது மேட்டுப்பக்க மண்சுவரைக் கவனித்துக்கொண்டே போங்கள். தெளிவாக ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் நீர் திடீரென்று செம்மண் நிறத்தில் வந்தால், சின்னக் கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு சாலையில் கிடந்தால், நேற்றுவரை நிமிர்ந்து நின்ற மரம் சாய்ந்து தெரிந்தால், அங்கே நிற்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது. திரும்பிவிடுங்கள். மேலே இருக்கும்போது பெருமழை பிடித்துக்கொண்டால் ராத்திரியில் இறங்க முயல வேண்டாம். ஒரு நாள் கூடுதல் வாடகை பெரிய நஷ்டமில்லை.

இந்த மாதங்களில் போவதற்கு ஓரளவு நல்ல இடம் கூடலூர்ப் பக்கம். மைசூரிலிருந்தோ நிலம்பூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு அது வசதி. கோவைக்காரர்கள் அதற்காகச் சுற்றிக்கொண்டு வருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அவர்கள் மார்கழிவரை பொறுக்கலாம்.

மார்கழியில் மழை விலகி வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகும். வானம் தெளிந்த, காற்றசையாத இரவுகளில்தான் உறைபனி. தலைகுந்தா, காந்தல், ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் குளிர் தேங்கி, வெப்பம் பூஜ்யத்தைத் தொடும். தாவரவியல் பூங்காவில் கோத்தகிரி மிலாறு என்ற செடியைக் கொண்டு நாற்றுகளை மூடிவைப்பார்கள். மூடாத தேயிலை கருகும். புல்லில் வெண்மையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெயில் ஏறும் முன் போக வேண்டும், எட்டு மணிக்கு மேல் அது ஈரமாகத்தான் இருக்கும். மதியம் ஜெர்கின் இல்லாமலே நடக்கலாம். ஆறு மணிக்கு மேல் காதை மூடாமல் முடியாது. ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அதிகாலையில் வெளியே வர வேண்டாம்.

குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரியடுப்பு மூட்டிவிட்டுத் தூங்காதீர்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இருக்காது, எச்சரிக்கையும் இருக்காது. மலைவாசத்தலங்களில் இப்படித் தூக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு. இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மலர்க் கண்காட்சி மே மாதத்தில் வெளியூர்க்காரர்களுக்காக நடப்பது. மலைக்காரர்கள் தங்களுக்காக நடத்தும் விழாக்கள் பெரும்பாலும் இந்தக் குளிரில்தான். படுகர்கள் குலமூதாட்டியாக வணங்கும் ஹெத்தையம்மனுக்கு டிசம்பர்–ஜனவரி வாக்கில் பண்டிகை. கோத்தகிரி அருகே பேரகணியிலும், குன்னூர் அருகே ஜெகதளாவிலும் பெருங்கூட்டம் சேரும். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வெள்ளை முண்டும் தலைப்பாகையும் கட்டிய ஆண்களும் வெள்ளைச் சீலை உடுத்திய பெண்களும் மேடு பள்ளம் தாண்டி வெறுங்காலோடு நடந்து வருவார்கள். டிசம்பர் கடைசியை ஒட்டி முத்தநாடு மந்து என்ற தோடர் குடியிருப்பில் அவர்களின் மொற்பர்த் பண்டிகை. ஆண்கள் மட்டும் கோயிலருகே கூடி வழிபட்டு, பூவேலைப் போர்வையோடு வட்டமாக ஆடுவார்கள்; இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தோளுக்குத் தூக்குவார்கள். இரண்டுக்கும் தேதியை ஊர்ப் பெரியவர்கள்தான் குறிப்பார்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும். உள்ளூரில் கேட்டுக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றுங்கள், நிற்கச் சொன்ன எல்லைக்கு அப்பால் போகாதீர்கள், கேட்காமல் கேமராவைத் தூக்காதீர்கள். அது காட்சிக்கு வைத்த விழா அல்ல. கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் பார்க்க வேண்டுமானால் ஊட்டியை விட்டுக் கோத்தகிரியில் தங்குங்கள்.

இந்தப் பருவத்தில் என் ஓட்டு தை மாதத்துக்கு. பொங்கல் விடுமுறைக் கூட்டம் இறங்கிய பிறகு வரும் வார நாட்களில் அறை கிடைக்கும், சாலை காய்ந்திருக்கும், கோடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறும் தெங்குமரஹாடாவின் வயல்களும் தெளிவாகத் தெரியும். மாசிக்குத் தள்ளிப்போட்டால் முதுமலை காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும், காட்டுக்குள் போகும் சவாரியும் நிறுத்தப்படலாம். மே மாதத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. 2025-இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு வைக்க நேர்ந்ததே போதும்.

மலை ரயிலில் போக விரும்புகிறவர்கள் தை மாதப் பயணத்துக்குக் கார்த்திகையிலேயே தயாராக வேண்டும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து காலையில் கிளம்பும் வண்டிக்கு அன்றே டிக்கெட் தீர்ந்துவிடும். ஏற இடம் கிடைக்காவிட்டால் இறங்கும் வண்டியைப் பாருங்கள், அதற்குப் போட்டி சற்றுக் குறைவு. அதுவும் இல்லையென்றால் குன்னூர்–ஊட்டி இடையே ஓடும் வண்டி. நீராவி இஞ்சின் அதில் இருக்காது, டீசல்தான். கேத்திப் பள்ளத்தாக்கு அதே ஜன்னலில்தான் வரும்.