பெட்டரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது?



விஞ்ஞானப் புத்தகத்தில் "மின்னழுத்த சக்தி" என்று வந்தாலே நம்ம பிள்ளைகள் பக்கத்தைத் திருப்பி விடுகிறார்கள். கொழுந்து சுமக்கிற வீட்டில் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. 15 கிலோ கொழுந்து மூட்டையை 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றினால், அதில் சுமார் 1,500 யூல் சக்தி சேர்கிறது. கை தவறினால் மூட்டை உருண்டு வரும் வேகம் அந்தச் சக்திதான்.

மின்சாரத்திலும் இதே கதைதான். மூட்டைக்குப் பதில் மின்னேற்றம். அதைக் கூலோமில் அளக்கிறோம். உயரத்துக்குப் பதில் வோல்ட். இரண்டையும் பெருக்கினால் யூல். ஒரு கூலோம், டோர்ச் பெட்டரியின் 1.5 வோல்ட்டில் 1.5 யூல் கொடுக்கும். வீட்டுக் கரண்டின் 230 வோல்ட்டில் 230 யூல்.

லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில் டீவி பார்க்க, கார் பெட்டரியை டவுனில் சார்ஜ் பண்ணித் தோளில் சுமந்து வந்தோமே, அதைக் கணக்குப் பார்ப்போம். 12 வோல்ட், 40 அம்பியர் மணி என்று போட்டிருந்தால், ஒரு மணிக்கு 3,600 செக்கன்; 40 × 3,600 = 144,000 கூலோம். அதை 12 ஆல் பெருக்கினால் 1,728,000 யூல். ஆனால் மின்சார பில்லில் வரும் ஒரு யூனிட் 3,600,000 யூல். அவ்வளவு பாரம் சுமந்தும் கிடைத்தது அரை யூனிட்டுக்கும் குறைவு! 1,000 வாட் அயன் ஒன்று அரை மணிக்குள் அதை முடித்துவிடும்.

அப்படியென்றால் பெட்டரியைத் தொட்டால் ஏன் ஷொக் அடிப்பதில்லை? 12 வோல்ட்டுக்கு நம் காய்ந்த தோலைத் தாண்டிப் போகத் தெம்பில்லை. (இரண்டு முனையிலும் ஸ்பேனர் பட்டால் வேறு கதை; கையைச் சுட்டுவிடும்.) 230 வோல்ட் தோலைத் தாண்டி உள்ளே பாயும், ஆளைக் கொல்லும். கம்பியில் உட்காரும் காகத்துக்கு இரண்டு காலும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் ஒன்றும் ஆவதில்லை. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பிய்ந்த வயரைப் பிடிக்கிறவருக்கோ, கைக்கும் காலுக்கும் நடுவில் 230 வோல்ட் முழுசாக நிற்கிறது.

சில காம்பராக்களில் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று அதை விட்டுவிட்டு நேரடியாக வயர் கொடுத்திருக்கிறார்கள். எங்கோ கரண்ட் மண்ணுக்கு ஒழுகுவதாலும் அது விழும். வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் அவரைத் தொடாமல் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு: 12 வோல்ட், 5 அம்பியர் மணி மோட்டார் சைக்கிள் பெட்டரியில் எத்தனை யூல்? (விடை: 216,000)