முதலில் அந்த நைட்ரஜனைச் சந்தேகப்படு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய மின்னஞ்சலும் அதோடு வந்த வரைபடமும் கிடைத்தன. வீரோ செல்களில் இரண்டு மைக்ரோமோலார் அளவிலேயே டெங்கு வைரஸ் பாதியாகக் குறைந்திருக்கிறது, செல்களும் சாகவில்லை. கைடு காப்புரிமை பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியோடு வேறு சிலரும் எழுதியிருப்பதால் உனக்கான பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

டெங்குவுக்கு இன்றுவரை நேரடியாக வைரஸைத் தாக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. அதனால் உன் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் மூலக்கூறின் படத்தைப் பார். ஒரு முனையில் மூன்றாம்நிலை அமீன், மறுமுனையில் இரண்டு அரோமாட்டிக் வளையங்கள், நடுவே கொழுப்பில் கரையும் நீண்ட சங்கிலி. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வந்தது.

அமீன் ஒரு காரம். இரத்தத்திலும் செல்லின் நீரிலும் அது பெரும்பாலும் ஒரு புரோட்டானை வாங்கிக்கொண்டு நேர்மின்னூட்டத்தோடு இருக்கும். மின்னூட்டமில்லாத சிறுபங்குதான் சவ்வைத் தாண்டும். செல்லுக்குள்ளே லைசோசோம் என்றொரு பை இருக்கிறது, அதன் பிஎச் 4.5 முதல் 5 வரை. அங்கே நுழைந்த அமீன் உடனே புரோட்டானை வாங்கிக்கொள்ளும். அதன்பின் வெளியே வர வழியில்லை. எலிப்பொறிதான். நீ ஊற்றியது இரண்டு மைக்ரோமோலார் என்றாலும் அந்தப் பைக்குள் பல மடங்கு சேர்ந்துவிடும். அமிலத்தன்மை குறையும், கொழுப்பைச் செரிக்கும் நொதிகள் முடங்கும், பாஸ்போலிப்பிடுகள் அடுக்கடுக்காகத் தேங்கும். டெங்கு வைரஸ் செல்லுக்குள் வருவது எண்டோசோம் என்ற, இதேபோன்ற அமிலப் பை வழியாக. அந்தப் பையின் அமிலம் இல்லாவிட்டால் அதன் உறை சவ்வோடு இணையாது. ஆக, இந்தக் களேபரத்தில் வைரஸ் குறையத்தான் செய்யும். வரைபடத்திலும் அழகான வளைவு கிடைக்கும். அது உன் மருந்து வைரஸைத் தொட்டதற்குச் சாட்சி ஆகாது.

குளோரோகுவினும் இப்படிப்பட்ட அமீன்தான். செல் வளர்ப்பில் அது டெங்குவைத் தடுக்கும். வியட்நாமில் டெங்கு வந்த பெரியவர்களிடம் அதை முறையாகச் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். இரத்தத்தில் வைரஸ் இருக்கும் நாட்கள் குறையவில்லை, வாந்திதான் அதிகமானது. பத்து ஆண்டு கழித்து அதே கதை கொரோனாவில் உலகம் முழுக்க நடந்தது. வீரோ செல்கள் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து வந்தவை. அங்கே கொரோனா வைரஸ் எண்டோசோம் வழியாகத்தான் நுழைந்தாக வேண்டும், அதனால் குளோரோகுவின் பிரமாதமாக வேலை செய்தது. மனித நுரையீரல் செல்களின் மேற்பரப்பில் டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நொதி கதவைத் திறந்துவிடுகிறது. அங்கே குளோரோகுவின் எடுபடவில்லை என்று 2020 ஜூலையில் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. அதற்குள் நம் ஐசிஎம்ஆர் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுவினைப் பரிந்துரைத்துவிட்டது, மருந்துக்கடைகளில் மூட்டுவாத நோயாளிகள் மாத்திரை கிடைக்காமல் அலைந்தார்கள். பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வில் அந்த மருந்து பெற்ற 1,561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 27 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 25 சதவீதம். 2021இல் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, கொரோனாவுக்கு எதிராக ஆய்வகத்தில் ‘வேலை செய்த’ பல பழைய மருந்துகளுக்குப் பின்னால் இருந்தது இந்த பாஸ்போலிப்பிடு தேக்கம்தான் என்று காட்டியது. உன் கைடு அதைப் படித்தாரா என்று கேட்டுப் பார்.

அமீனே கூடாது என்று சொல்ல வரவில்லை. அமாண்டடினைப் பார். அடமான்டேன் என்ற கார்பன் கூண்டு, அதில் ஒரே ஒரு அமினோ தொகுதி, அவ்வளவுதான் மருந்து. அதைச் செய்யும் விதமே ஒரு பாடம். கூண்டின் மூலைக் கார்பனில் புரோமினை ஏற்றலாம், ஆனால் வழக்கம்போல் பின்பக்கமாக வந்து அமோனியாவால் அதை இடம்பெயர்க்க முடியாது, பின்பக்கம் கூண்டு. அதனால் அசிட்டோநைட்ரைலையும் அடர் கந்தக அமிலத்தையும் சேர்த்து முதலில் அமைடாக்கி, பிறகு காரத்தோடு நெடுநேரம் கொதிக்கவைத்து அமீனாக்குகிறார்கள். ரிட்டர் வினை என்று நீ படித்திருப்பாய். பாடப்புத்தகத்தில் ஓரமாக இருக்கும்.

டூபாண்ட் நிறுவனம் கொண்டுவந்த இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1966இல் இன்ஃபுளுவென்சாவைத் தடுக்க அனுமதி கிடைத்தது. எப்படி வேலை செய்கிறது என்பது அப்போது தெரியாது. அளவை ஏற்றினால் இதுவும் எண்டோசோமின் அமிலத்தைக் குறைத்துப் பல வைரஸ்களைத் தடுக்கும். ஆனால் மிகக் குறைந்த அளவில் இன்ஃபுளுவென்சா ஏ வகையை மட்டும் தடுத்தது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு 1985இல் லண்டன் ஆய்வாளர்கள் மருந்துக்குப் பணியாத வைரஸ்களின் மரபணுவைப் படித்தார்கள். மாற்றங்கள் எல்லாம் எம்2 என்ற சின்னப் புரதத்தின் ஒரே பகுதியில் குவிந்திருந்தன. நான்கு எம்2 சேர்ந்து அமைக்கும் புரோட்டான் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்கிறது மருந்து என்பது அப்படித்தான் துலங்கியது. அந்தச் சாட்சியை வைரஸே கொடுத்தது. பிறகு அதே வழியில் மருந்தைத் தோற்கடிக்கவும் செய்தது: 31ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் அஸ்பராஜின் வந்து உட்கார, 2006 ஜனவரியில் அமெரிக்காவின் சிடிசி இனி இதைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. (இதற்கிடையே சளிக்காய்ச்சலுக்கு இதைச் சாப்பிட்ட பார்க்கின்சன் நோயாளி ஒருவரின் நடுக்கம் குறைந்தது, இன்று இதன் முக்கிய வேலை அங்கேதான்.)

இப்போது உன் மேசைக்கு வருவோம். வினையை மாற்று. அமீனை அல்கைல் புரோமைடோடு கலந்தால் ஒரு தொகுதியோடு நிற்காது, நான்காம்நிலை உப்பு வரை போய்விடும். அந்தக் கலவையைச் சுத்தம் செய்துதான் உன் வாரங்கள் போகின்றன. ஆல்டிஹைடை எடுத்து சோடியம் ட்ரைஅசிடாக்ஸிபோரோஹைட்ரைடு போட்டு ஒடுக்கு. சயனோபோரோஹைட்ரைடுக்கு அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சயனைடு வரும், அதைத் தவிர். உன் டிஎல்சி தட்டில் புள்ளி வால்நட்சத்திரம் மாதிரி இழுபடுகிறது என்றாய். சிலிக்காவின் அமிலத்தன்மையில் அமீன் ஒட்டிக்கொள்கிறது. கரைப்பானில் கொஞ்சம் ட்ரைஎத்திலமீன் சேர்த்தால் வட்டமாக நிற்கும். பொருளை ஹைட்ரோகுளோரைடு உப்பாக்கி வை. பல அமீன்கள் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடைக் குடித்து எடை கூடிவிடும், பிறகு உன் மைக்ரோமோலார் கணக்கே பொய்.

இரண்டு சேர்மங்களைக் கட்டாயம் செய். ஒன்றில் அமீனை அமைடாக்கு, காரத்தன்மை போய்விடும், உருவம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். இன்னொன்றில் அமீனை விட்டுவிட்டு வளையங்களை மாற்று. வளையங்கள் எப்படி மாறினாலும் வீரியம் அசையவில்லை, அமைடாக்கியதும் செத்துவிட்டது என்றால் வேலை செய்தது லைசோசோம். வளையத்தில் ஒரு மெத்தில் நகர்ந்ததற்கே வீரியம் பத்து மடங்கு சரிந்தால் எங்கோ ஒரு புரதத்தின் குழி இருக்கிறது, அதைத் தேடு. அதிகச் செலவில்லாத சோதனை இன்னொன்று: பாஸ்போலிப்பிடு தேக்கத்தைக் காட்டும் ஒளிரும் சாயம் கடையில் கிடைக்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் உன் மருந்தையும், பக்கத்திலேயே அமியோடரோனையும் போட்டுப் பார். இரண்டும் ஒரே மாதிரி ஒளிர்ந்தால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது. எல்லாவற்றையும் வீரோவில் மட்டும் செய்யாதே, மனிதக் கல்லீரல் செல்லான ஹூ7இலும் செய்யச் சொல்.

காப்புரிமை விண்ணப்பத்தை இந்த முடிவுகள் வரும்வரை தள்ளிப்போடக் கைடிடம் பக்குவமாகச் சொல். கோபப்பட்டால் அந்த வியட்நாம் கட்டுரையை அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வா. அமைடின் எண்கள் வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்