5 ஸ்டார் ஏசி: கூடுதலா கொடுக்குற காசு எப்போ திரும்பி வரும்?

சம்மர் வருதுன்னா எல்லாருக்கும் இதே டவுட்: 3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

முதல்ல ஒரு விஷயம். 1 ஸ்டார் அளவைக்கூட எட்டாத ஏசியை இந்தியாவில் விற்க முடியாது. அந்த அளவை வைக்கிறது மத்திய அரசின் பிஇஇ. சில வருஷத்துக்கு ஒருமுறை அதை உயர்த்தவும் செய்வாங்க. ஸ்பிளிட் ஏசி 5 ஸ்டார் வாங்க ஐசீர் 4.5 இருந்தாலே போதும்னு இருந்தது. 2022 ஜூலையில் அது 5 ஆச்சு. அதனால பழைய ஸ்டாக்கை ஆஃபர்ல கொடுத்தா, ஸ்டாரை மட்டும் எண்ணாதீங்க. அந்த ரேட்டிங் எந்தக் காலத்துக்குன்னு லேபிள்லயே இருக்கும்.

அதே லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னும் போட்டிருப்பாங்க. நமக்கு வேண்டிய நம்பர் அதுதான். உதாரணத்துக்கு 3 ஸ்டார் 1,000 யூனிட், 5 ஸ்டார் 780, விலை வித்தியாசம் 8,000 ரூபாய்னு வைங்க. மிச்சம் 220 யூனிட். இதை சராசரி ரேட்டால பெருக்கக் கூடாது. குறையப்போறது உங்க மேல் ஸ்லாப் யூனிட்தான். அது 8 ரூபாய்னா வருஷத்துக்கு 1,760 மிச்சம். போட்ட காசு திரும்ப நாலரை வருஷம்.

ஆனா லேபிள் கணக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரத்துக்கு. நைட்டு மட்டும், அதுவும் சம்மர்ல மட்டும் போட்டு 800 மணி நேரம்தான் ஓடுதுன்னா, 9 வருஷம் ஆகும். அடிக்கடி வீடு மாறுற பேச்சிலருக்கு 3 ஸ்டாரே போதும்னுதான் நான் சொல்வேன்.

தமிழ்நாட்டுல ரெண்டு மாச பில் 500 யூனிட் பக்கத்துல நிக்குறவங்க கதை வேற. அதைத் தாண்டினா கீழ் ஸ்லாப் யூனிட்டுக்கும் ரேட் ஏறிடும். அவங்களுக்கு 5 ஸ்டார் இன்னும் சீக்கிரமாவே காசை மீட்டுக் கொடுத்துடும்.