குளிர்ந்த எஞ்சினின் முதல் குரல்

பெங்களூருக்கு வடக்கே, தேவனஹள்ளிச் சாலையிலிருந்து சற்று விலகிய ஒரு தோட்டத்தில், பழைய அமெரிக்கக் கார்களைப் பிரியத்தோடு சேர்த்து வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் கொட்டகைக்கு முதல் தடவை சென்றபோது, நுழைந்ததும் நுழையாததுமாக, "எஞ்சினை ஒருமுறை ஓடவிட்டுக் காட்டுங்களேன்" என்று கேட்டது நான் செய்த பெரும் பிழை. அவர் மறுக்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற முதிய மேஸ்திரி, "வேணாம் சார், மாசக்கணக்கா நின்ன வண்டி. எண்ணெயெல்லாம் கீழே வடிஞ்சு கிடக்கும். அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைச்சா சைலென்சர்ல ஈரந்தான் தங்கும்" என்று சாந்தமாகச் சொன்னார். வண்டிகளை வெளியே எடுத்து, நன்றாகச் சூடேறும் வரை ஓட்டும் தினம் ஒன்று அவர்களுக்கு உண்டு; அதை விசாரித்துக்கொண்டு, விடியற்காலையிலேயே போய் நிற்பது உத்தமம். முன்கூட்டிச் சூடாக்கிய எஞ்சின் தன் குறைகளை மறைத்துக்கொள்ளும்.

1964இல் பான்டியாக் ஜி.டி.ஓ.வின் நடுத்தரமான உடலுக்குள் 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதிலிருந்து பிரசித்தி பெற்ற இந்த 'மஸில் கார்' வம்சம், புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களாலும், இன்ஷூரன்ஸ் கட்டண உயர்வாலும், 1973ஆம் வருஷத்து எண்ணெய் நெருக்கடியாலும் பத்து ஆண்டுகளுக்குள் ஒடுங்கிப்போயிற்று. அம்பாஸடரின் 1489 சி.சி.யே நமக்குப் பெரிதாக இருந்த அக்காலத்தில், கார் இறக்குமதி ஏறக்குறைய அடைபட்டிருந்த இத்தேசத்துக்குத் தூதரகத்தாரோடு வந்த வெளிநாட்டு வண்டிகள், பின்னர் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் மூலமாகக் கைமாறின. ஆகவே பளபளப்பைக் காட்டிலும், வண்டி வந்த வழியைச் சொல்லும் காகிதங்களையே நான் முதலில் பணிவோடு கேட்கிறேன். பிறகு எண்கள். 1965ஆம் வருஷ மாடல் மஸ்டாங்கில், மட்கார்டின் உட்புறத் தகட்டில் பொறித்திருக்கும் எண் வரிசையின் ஐந்தாவது குறி எஞ்சினைச் சொல்லிவிடும்: 'சி' என்றால் 200 குதிரைச் சக்தி, 'கே' என்றால் 271. எத்தனையோ மஸ்டாங்குகளுக்குப் பிற்காலத்தில் அலங்காரம் மாறியிருக்கலாம். அந்த ஓரெழுத்தைப் படிக்கத் தெரிந்தால் தொழிற்சாலையை விட்டு வந்த கோலம் விளங்கிவிடும்.

பெங்களூருக்கென்றே ஒரு விசேஷம் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், காற்று மெலிந்த இவ்வூரில், சென்னையில் சரிசெய்த கார்ப்புரேட்டர் காற்றுக்குப் பொருந்தாத அளவு பெட்ரோலைத் தருவதால், கறுப்புப் புகை கிளம்பி பிளக்குகளில் கரி படியும். அதில் பெட்ரோல் பாயும் துவாரமான ஜெட்டைச் சிறிதாக்கினால்தான் நிதானப்படும். அதற்குப் பிரதியாக, கடலோரத்து உப்புக் காற்று இங்கே இல்லாமையால் தகடுகள் நீண்ட நாள் பிழைக்கின்றன. இப்போது மேஸ்திரியைக் கவலைப்படுத்துவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடுகிறது என்று, புதுக் குழாய்களைத் தேடி ஜே.சி. ரோட்டுக்கு அலைந்துகொண்டிருக்கிறார்.

வண்டியில் கீறல் விழாதிருக்க, பெல்ட் பக்கிளையும் மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லுங்கள். கேளாமல் கதவைத் தொடவேண்டாம். விலையை விசாரிக்கவே வேண்டாம். ஐம்பது வயது கடந்த வண்டியை 'வி.ஏ.' என்ற எழுத்துக்களோடு பதிவு செய்துகொள்ள 2021இல் ஏற்பட்ட விதி, அன்றாடச் சவாரிக்கு இடந்தருவதில்லையாதலால், "ஒரு சுற்றுப் போகலாமா?" என்ற கேள்வியும் சங்கடத்தையே தரும். தனியார் கொட்டகைக்குள் பிரவேசிக்க அறிமுகம் இல்லாதவர்கள், தர்மஸ்தல வீரேந்திர ஹெக்கடே ஸ்ரீரங்கப்பட்டணத்தருகே அமைத்த 'பயணா' மியூசியத்தையோ, கோவை ஜீ.டி. கார் மியூசியத்தையோ முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளலாம்.

சொல்லியிருந்த தினத்தில், பனி விலகுமுன்னரே போய் நின்றேன். மேஸ்திரி பானட்டைத் திறந்து, எண்ணெயைப் பார்த்து, ரேடியேட்டருக்கு நீர் வார்த்து, நெடுநேரம் கழித்துச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமிற்று, தடுமாறிற்று, பிறகு கனத்த குரலில் நிலைகொண்டது. அவர் கண்ணை மூடிச் சற்றுக் கேட்டு நின்று, "எட்டு சிலிண்டரும் பேசுது சார்" என்றார்.