பள்ளிக்கூடப் பாடமும் பதியில் கற்ற பாடமும்



பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு நல்லொழுக்கம் கற்றுக் கொடுப்பதில்லை என்று வீட்டுக்கு வீடு குறை சொல்கிறோம். ஆனால் பாடம் இல்லாமல் இல்லை. ஆத்திசூடி சிறு வயதிலேயே வந்துவிடுகிறது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை கற்பிக்க வேண்டும் என்று 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பாடமும் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது. படித்தது நடத்தையாக மாறவில்லை என்பதே நம் கவலை.

இதற்கு அய்யா காட்டிய வழி என்ன?

அந்நாளில் தென்திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க முடியாது. தலைப்பாகை கட்ட முடியாது. எல்லோரும் சமம் என்று அய்யா வாயால் சொல்லி மட்டும் விடவில்லை. முத்திரிக் கிணற்றின் தண்ணீரில் எல்லாச் சாதியாரையும் பதமிடச் செய்தார். சேர்ந்திருந்து உண்ண வைத்தார். தலைப்பாகை கட்டி வணங்க வைத்தார். வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் நடந்த துவையல் தவசில் சுத்தத்தையும் பொறுமையையும் மக்கள் தினமும் செய்தே பழகினார்கள். அய்யாவின் பள்ளிக்கூடத்தில் கிணறும் கடற்கரையும் பந்தியும்தான் பாடப்புத்தகம்.

இதை நான் புரிந்துகொண்டது ஒரு சிறுவனிடம். எங்கள் நிழல்தாங்கலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு நாள், "பந்தியில் யாருக்கு முதலில் பரிமாற வேண்டும்?" என்று கேட்டேன். "பசியோடு வந்த எளியவருக்கு" என்று ஒரு பையன் சட்டென்று சொன்னான். பாராட்டினேன். அன்று மதியம் அன்னதர்ம வரிசையில் அவனே ஒரு சின்னப் பிள்ளையைத் தள்ளிவிட்டு முன்னால் போனான். கூப்பிட்டுக் கண்டித்தேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "மாமா, போன வாரம் நீங்க ஒங்க வீட்டுக்கு மொதல்ல எடுத்து வச்சீங்கல்லா?"

என்னால் பதில் பேச முடியவில்லை. அவன் சொன்னது உண்மை. வகுப்பில் நான் சொன்னதை அவன் மனப்பாடம் செய்தான். பந்தியில் நான் செய்ததைக் கற்றுக்கொண்டான். அடுத்த வாரம் பிள்ளைகள் முன்னிலையில் என் தவறைச் சொன்னேன். அன்று முதல் எல்லோரும் உண்ட பிறகே என் வீட்டார் உண்கிறார்கள். அந்தப் பையன் இப்போது பரிமாறும் பக்கம் நிற்கிறான்.

ஆகவே பள்ளியிலும் வீட்டிலும் செய்யத்தக்கவை சில உண்டு. மதிய உணவு வரிசையை நல்லொழுக்க வகுப்பாகக் கருதுங்கள். வகுப்பறையைப் பெருக்குவதும் தண்ணீர் எடுத்து வைப்பதும் சாதி, ஆண், பெண் பார்க்காமல் எல்லோருக்கும் முறை வைத்து வரட்டும். சில பள்ளிகளில் ஆளில்லாத நேர்மைக் கடை வைத்திருக்கிறார்கள். பிள்ளையே பொருளை எடுத்துப் பெட்டியில் காசு போடுகிறது. யாரும் பார்க்காத இடத்தில் நேர்மையாக இருக்க அது பழக்கும். ஆசிரியரோ பெற்றோரோ தவறு செய்தால் பிள்ளையிடம் ஒப்புக்கொள்ளட்டும். அதனால் மரியாதை குறையாது.

பள்ளியறையில் அய்யா நமக்கு முன்னால் கண்ணாடி வைத்திருக்கிறார். அதில் தெரிவது நம் முகம். நம் பிள்ளைகளும் நாள்தோறும் அந்த முகத்தைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். அவர்களைத் திருத்தப் புறப்படும் முன் ஒரு முறை அந்தக் கண்ணாடி முன் நிற்போம்.

அய்யா உண்டு.