கடல் கடந்த ஓராண்டுக் கல்வி

பிள்ளைகளை அயல்நாட்டிற்கு அனுப்பிக் கற்பிக்க விழையும் பெற்றோர், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு செலவு என்று வினவுவது இயல்பு. அங்குக் கற்றதைத் தாய்க் கல்லூரி ஏற்குமா என்று வினவுவோர் மிகச் சிலரே. அவ்வினாவின் அருமையை உணர்த்தும் வரலாறு ஒன்றை முதற்கண் காண்போம்.

இத்தாலி நாட்டு மாணவி சோபியா கொராடி, உரோம் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று வந்தார். புல்பிரைட் உதவித்தொகை பெற்று 1957-58ஆம் கல்வியாண்டில் நியூயார்க் சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒப்பியல் சட்டத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி அக்கல்வியைக் கணக்கிற் கொள்ளுமாறு வேண்டியபோது உரோம் பல்கலைக்கழகத்தார் மறுத்தனர். ஏளனமும் செய்தனர் என்று அவரே பிற்காலத்தில் கூறியுள்ளார். ஓராண்டு உழைப்பு ஏட்டில் ஏறாது போயிற்று. கொராடி வாளாவிருக்கவில்லை. பின்னர்க் கல்வித்துறை அறிஞராகி, 1969இல் மாணவர் பரிமாற்றத்திற்கான கருத்துரு ஒன்றை வரைந்து, ஆண்டுக்கணக்காக அதற்கென உழைத்தார்.

இத்தகைய திட்டம் அதற்கு முன்னரே அமெரிக்காவில் நடந்துள்ளது. டெலவேர் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்பித்த ரேமண்ட் கிர்க்பிரைட், முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றியவர். அவர் 1923இல் எட்டு மாணவர்களுடன் ரோஷாம்போ என்னும் கப்பலில் பிரான்சு சென்றார். அவர் வகுத்த முறை இன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. மாணவர்கள் நேரே பாரிசு நகரிற் புகவில்லை. முதலில் நான்சி நகரில் மொழிப் பயிற்சி பெற்றனர். அதன் பின்னரே சோர்போனில் பாடங்கேட்கச் சென்றனர். தங்கியதோ பிரெஞ்சுக் குடும்பங்களின் இல்லங்களில். ஓராண்டுப் படிப்பு, பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டாகவே கணக்கிடப்பட்டது. வீட்டு உணவு மேசையில் கற்கும் மொழி வகுப்பறை மொழியினும் ஆழப் பதியும் என்பது எம் கருத்து. தம் நாட்டவரோடு ஒரே விடுதியில் தங்கித் தம் மொழியே பேசித் திரும்புவோர் ஊர் மாறினரேயன்றி வேறொன்றும் அறிந்திலர். (நம் குடும்பத்தார் முதலில் கேட்பது உணவைப் பற்றியே. அது நகைத்து ஒதுக்கும் கேள்வியன்று. தங்கும் இல்லத்தாரிடம் முன்கூட்டியே எழுதித் தெளிவு பெறவேண்டிய செய்தியே அது.)

ஐரோப்பிய நாடுகள் 1987இல் எராஸ்மஸ் திட்டத்தைத் தொடங்கின. பல நாடுகளில் வாழ்ந்து கற்ற அறிஞர் ஒருவரின் பெயர் அது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றனர். கொராடிக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராவண்ணம் இரண்டு ஏற்பாடுகள் அமைந்தன. ஒன்று, கிரெடிட் எனப்படும் பாடப்புள்ளி முறை. 1989இல் தோன்றிய இம்முறையில் ஓராண்டு முழுப் படிப்பு 60 புள்ளிகள். மற்றொன்று, கற்றல் உடன்படிக்கை. எந்தெந்தப் பாடம் கற்பது, அது தாய்க் கல்லூரியில் எந்தப் பாடத்திற்கு ஈடாகும் என்பதை எழுதி, மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கையொப்பமிடுவர். ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. உதவித்தொகை உண்டெனினும் அது செலவு முழுமைக்கும் போதாமையால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் தயங்கி நின்றனர். இக்குறையைப் போக்கவே 2021 முதல் அன்னார்க்குக் கூடுதல் தொகை வழங்கப்படுகிறது.

கொராடி 2025இல் மறைந்தார். அவரை 'எராஸ்மஸ் அன்னை' என இத்தாலியர் அழைத்தனர்.

நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் இதற்கென விதிகள் வகுத்துள்ளது. 'ட்வின்னிங்' என்னும் கூட்டுப் படிப்பில் அயல்நாட்டு நிறுவனத்தில் ஈட்டும் புள்ளிகள் மொத்தத்தில் 30 விழுக்காட்டிற்கு மிகலாகாது. பட்டத்தை இந்திய நிறுவனமே வழங்கும். ஆதலின் இத்தகைய படிப்பில் சேர எண்ணுவோர், இரு நிறுவனங்களுக்கும் இடையே உடன்பாடு உள்ளதா, எந்தப் பாடங்கள் ஏற்கப்படும் என்பவற்றை விமானச் சீட்டு வாங்குமுன் கல்லூரியிடம் எழுத்து வடிவில் பெற்றுக்கொள்க. வாய்மொழி உறுதியைத் துறைத்தலைவர் மாறியபின் எவரும் நினைவிற் கொள்வதில்லை.